சபுராளிக்குச் சொல்லாதவை

நம் ஊர்த் தெருக்களில் என்னோடு வளர்ந்து, இன்று என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்காக இதை எழுதுகிறேன். அயல்நாடு சென்று முதன்முதலாகத் தொழில் தொடங்கிய நம்மூர்க்காரர்களைப் பற்றி ஒரு மலர் கொண்டுவரப் போவதாகவும், அதில் என் வாப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். அவர் பட்ட சிரமம், பிறகு கண்ட வளர்ச்சி, முடிவில் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை என்று அமைப்பையும் நீங்களே வகுத்துத் தந்திருந்தீர்கள். உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மறுக்கும் தெம்பு இல்லாமல் ஒப்புக்கொண்டேன்.

வளர்ச்சியைப் பற்றி எழுத என்னினும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். சிரமத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அது முழுவதும் கடலுக்கு அப்பால் நடந்தது என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் பிழை. பெரும்பகுதி நம் ஊரில், ஒரு வீட்டின் முன்னறையில் நடந்தது.

வெளியூரார் கையிலும் மலர் கிடைக்கும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த இரண்டு செய்திகளை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்துவிட்டால் அவளுக்கு ஒரு வீடு எழுப்பியாக வேண்டும்; மணமுடிப்பவன் அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறான். இரண்டாவது, பிழைப்புக்காகக் கடல் கடந்தவரை நாம் சபுராளி என்கிறோம். சபுராளிக்கு இங்கிருந்து கெட்ட செய்தி போகக் கூடாது. காய்ச்சல், சண்டை, மௌத்து எதுவானாலும் அவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறப்போம். இதை யார் விதித்தது என்று தெரியாது. மீறியவர் எவரையும் என் சிறுவயதில் நான் கண்டதில்லை.

வாப்பா தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில், கொழும்புக்குப் போகும் தோணிகளில் சரக்கு ஏற்றிவிடும் ஓர் அலுவலகத்தில் இருந்தார். வியாழன் மாலை வீட்டுக்கு வருவார். அவருக்கு முன்னால் அவருடைய வாடை வந்துவிடும்: வெங்காயச் சாக்கு, கருவாடு, தோணிக்குப் பூசும் எண்ணெய். அந்த வாடையோடுதான் என் அக்காவை, ராத்தாவை, மடியில் இருத்திக்கொள்வார். பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்ணை மடியில் வைப்பதா என்று உம்மா கேட்பார். 'என் மடி, என் மக' என்பார் வாப்பா. தோணிகள் குறைந்தன. புதிய துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு வாப்பாவின் அலுவலகம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் ராத்தாவுக்காக எழும்பிக்கொண்டிருந்த வீடு முழங்கால் உயரத்தோடு நின்றது.

அந்த நிலையில்தான் வளைகுடாவில் உணவுக்கடை வைக்கும் எண்ணம் வந்தது. பாலைவனத்தில் சாலை போடும் ஆட்கள் தங்கியிருந்த முகாமுக்கு எதிரே இடம் கிடைத்தது. நம்மூர், மலையாளத்து ஆட்கள்தாம் அதிகம். சோறும் புரோட்டாவும் சாயாவும் கிடைத்தால் விடமாட்டார்கள் என்று சொன்னார்கள். துறைமுகத்தில் எழுதுகோலைத் தவிர எதையும் பிடிக்காத வாப்பா, அடுப்பு மூட்டப் போனார். புறப்பட்ட அன்று ராத்தா அழவில்லை. வரும்போது தன் வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வேண்டும் என்றாள். சுவரே இல்லாத வீட்டுக்குக் கடிகாரமா என்று நான் கேட்டேன். கடிகாரம் வந்துவிட்டால் சுவர் தானாக எழுந்து நிற்கும் என்றாள்.

ராத்தாவிடம் எப்போதும் இப்படி ஒரு பதில் இருந்தது. எங்கள் வீட்டில் பித்தளைச் சல்லடைகள் ஒரு கட்டு கிடந்தன, ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை. முத்துக் குளித்த காலத்தில் எங்கள் முன்னோர் முத்துகளை அளவு வாரியாகப் பிரிக்க வைத்திருந்தவை. நான் பிறப்பதற்கு முன்பே அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. ராத்தா அவற்றைத் தூக்கிக்கொண்டு போய், தன் மனையில் குவித்திருந்த கட்டுமான மணலைச் சலிப்பாள். கடுகளவு, மிளகளவு என்று சிப்பித் துண்டுகள் தேறும். அவற்றைத் துணியில் பரப்பி எனக்கே ஏலம் விடுவாள். நான் கேட்கும் விலையைக் கேட்டு, 'ஏலே, இது ராசாத்தி காதுக்குப் போறது. நீ கேக்குற வெலைக்கு கெளுத்தி மீனுகூட கெடைக்காது' என்பாள். அந்தச் சல்லடைகள் பிறகு எங்கே போயின என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வாப்பா போன சில மாதங்களில் மணலை அள்ளுவதும் சலிப்பதும் என் வேலையாயிற்று. அவள் அஸ்திவாரக் கல்லின் மேல் அமர்ந்து ஏலம் மட்டும் விட்டாள். அவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நம் ஊரில் வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குகள் உண்டல்லவா? ராத்தா ஓதப்போவதும் வருவதும் அந்த வழியில்தான். திடீரென்று அவளுக்குப் பேச்சு கூடிவிட்டது. ஒவ்வொரு பின்வாசலிலும் நின்று, சுவரில் சாய்ந்துகொண்டு, சோற்றுக்கு என்ன ஆணம் வைத்தீர்கள், பூனை குட்டி போட்டதா என்று விசாரிப்பாள். பத்து வீடு தாண்டி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். வாப்பா இல்லாத வீட்டில் பெண் வாயாடியாகிறாள் என்று ஒருத்தி உம்மாவிடம் சொன்னாள். உம்மா ராத்தாவைக் கடிந்துகொண்டார். 'இனிமே வாயத் தொறக்காம நேரா வந்து சேரு' என்றார். மறுநாள் ராத்தா வாயைத் திறக்காமல் நேராக நடந்தாள். எங்கள் பின்வாசலுக்கு வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. அப்படியே படியில் சரிந்தாள். பின்வாசல்தோறும் அவள் நின்றது பேசுவதற்காக அல்ல, மூச்சு வாங்குவதற்காக என்பது அப்போதுதான் உம்மாவுக்குப் புரிந்தது.

உம்மாவின் மூத்த சகோதரரான மாமா வந்தார். அவர் தம் மனைவி வீட்டில் இருந்தவர். ஆனால் ஒவ்வொரு நாளும் அதிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எங்கள் முன்னறைக்கு வந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பார். வீட்டின் முடிவுகள் அந்தத் தேநீர் ஆறுவதற்குள் எடுக்கப்படும். அவர்தாம் ராத்தாவைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனார். மருத்துவர் அவள் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாராம். இதயத்துக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை, சிறுவயதில் மூட்டு வலியோடு வந்த காய்ச்சல் விட்டுச்சென்ற கோளாறு, சென்னையில் அறுவை செய்து சரிப்படுத்தலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

மாமா கெட்டவர் அல்லர். இதை நீங்கள் நம்ப வேண்டும்; ஏனெனில் அவர் மீது கோபம் கொள்வது எளிது, நானும் நெடுங்காலம் அந்த எளிய வழியில் நடந்திருக்கிறேன். அவருக்கு ராத்தா மேல் உயிர். ஆனால் அவரும் ஒருகாலத்தில் சபுராளியாக இருந்தவர். உடனே வாப்பாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று உம்மா கேட்டபோது, அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க வாப்பா மௌத்தான தந்தி கொழும்புல என் கைக்கு வந்துச்சு. கடையில சனம் நிக்கிது. அழுறதுக்கு ஒரு எடம் இல்ல, தெரியுமாளா? அரிசிக் கோணிக்குப் பின்னால போயி குந்திக்கிட்டு அழுதேன். ஒருத்தன் வந்து சீனி இருக்கான்னு கேட்டான். எந்திரிச்சுப் போயி நிறுத்துக் குடுத்தேன். அங்கன அவுகளுக்கும் அந்தக் கதி வேணுமா?"

அப்படியானால் நீங்களே சென்னைக்கு அழைத்துப் போங்கள் என்றார் உம்மா. பெற்றவர் அறியாமல் பிள்ளையின் நெஞ்சைத் திறக்க நான் எப்படிக் கையெழுத்திடுவேன் என்றார் மாமா. இதய நோய் என்று ஊருக்குள் கசிந்தால் நாளை அவளை யார் மணமுடிப்பார்கள் என்றும் சொன்னார். கடை இப்போதுதான் திறந்திருக்கிறது. இந்த நேரத்தில் அவரைக் கலக்கினால் அதுவும் போய்விடும். கடை நிலைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை வரட்டும், அன்றைக்கே சொல்லிவிடுவோம் என்று முடித்தார். உம்மா தலையசைத்தார். தேநீர் இன்னும் ஆறியிருக்கவில்லை.

அக்காலத்தில் நம் வீடுகளுக்கும் வளைகுடாவுக்கும் இடையே கேசட்டுகள் போய்வந்தன. கடிதம் எழுதத் தயங்கும் பெண்கள்கூட டேப் ரிக்கார்டர் முன்னால் அமர்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். ஊருக்கு வந்து திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவோம். எங்கள் வீட்டுப் பெட்டியை இயக்குபவர் மாமா. ஒலிப்பதிவு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நடக்கும். சாகுபுரத்து ஆலையின் சங்கு ஊதினால் அதுவும் நாடாவில் ஏறிவிடும். ஊர்ச் சத்தம் கேட்டால் வாப்பாவுக்கு மகிழ்ச்சி என்று அதை மட்டும் விட்டுவைப்பார்கள்.

மற்றவற்றை விட்டுவைக்கவில்லை. ராத்தா இரண்டு வாக்கியம் பேசுவாள், மூச்சு முட்டும், மாமா பொத்தானை அழுத்தி நிறுத்துவார். அவள் சுவரில் சாய்ந்து இளைப்பாறிய பிறகு மீண்டும் ஓடவிடுவார். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து, சளசளவென்று பேசும் நலமான ஒரு பெண்ணை அவர் உருவாக்கினார். சுத்தமாக வரும்வரை விடமாட்டார். இருமல் கேட்டால் பின்னுக்கு ஓட்டி, அதன் மேலேயே மறுபடி பேசவைப்பார்.

ஒருநாள் ராத்தா கேட்டாள்: "மாமா, எல்லாத்தையும் அழிக்காதீங்க. ஒரே ஒரு இருமல அனுப்பி வைங்க. வாப்பா ஒரு சீசா சிரப்பாவது வாங்கிட்டு வருவாகல்ல?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவள் பெட்டியின் பக்கம் குனிந்து, "வாப்பா, ஒரு தடவ வந்துட்டுப் போங்க. எனக்கு ஒங்களப் பாக்கணும்" என்றாள்.

மாமா நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டினார். அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மெல்லக் கேட்டாள். கடை நிலைக்கட்டும் மகளே, நானே சொல்லி வரவழைக்கிறேன் என்றார். அந்த இடத்தில் என்னைக் குர்ஆனிலிருந்து ஒரு சூரா ஓதவைத்தார்கள். நான் பிழையில்லாமல் ஓதினேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

வாப்பாவிடமிருந்து மறுகேசட் வந்தது. வீடே முன்னறையைச் சூழ்ந்தது. பெண்கள் கதவுக்குப் பின்னால், ஆண்கள் பாயில். வாப்பாவின் குரலுக்கு முன்பே கடையின் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கோப்பைகள் மோதின. புரோட்டாக் கல்லில் இரும்பு கொத்தியது. யாரோ மூன்று சாயா என்று கூவினார்கள். யாரோ பதில் கூவினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே வாப்பா கத்திப் பேசினார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அடுப்பு அணைவதே இல்லை, இன்னும் கொஞ்ச நாளில் நிலைத்துவிடும் என்றார். பிறகு, 'மக பேசுறது ஓடிவந்து பேசுற மாதிரி இருக்கே, ரொம்ப ஓடியாடுறாளோ?' என்று கேட்டுச் சிரித்தார்.

மாமா மட்டும் நிம்மதியாகத் தலையாட்டினார். கேட்டீர்களா, கல் ஓயவே இல்லை, இந்த நேரத்தில் போய் அவரிடம் எதைச் சொல்வது என்றார். அடுத்த கேசட்டில் இரைச்சல் இன்னும் கூடியிருந்தது. அது கூடக் கூட, சொல்லக் கூடாது என்ற உறுதியும் எங்கள் வீட்டில் கூடிற்று. கடை செழிக்கிறது என்று மகிழ்ந்தவர்கள், அந்தச் செழிப்பையே காரணமாக்கி அவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள். 'நிலைத்துவிட்டது' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம். 'நிலைத்துவிடும்' என்பதைத் தாண்டி அது வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. ராத்தாவால் படுத்து உறங்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தார்கள். கால் வீங்கியது. உம்மா முதன்முறையாக மாமாவிடம் குரலை உயர்த்தினார். மழை விட்டதும் சென்னைக்குப் போவது என்றும், வாப்பாவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் மாமா இறங்கிவந்தார். பெட்டிகூடக் கட்டிவிட்டார்கள். அதில் உம்மா வைத்த ராத்தாவின் புதுத் தாவணி பச்சை நிறம், வாப்பா கொடுத்தனுப்பியது. மழை விடவில்லை. ஒரு காலைப்பொழுது, கஞ்சி குடிக்க எழுப்பப் போன உம்மா திரும்பி வந்து, முன்னறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

மழையிலேயே அவளை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனோம். அடுத்த மனையின் அஸ்திவாரக் குழிகளில் நீர் நிறைந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

இனிமேல் சொல்வதை மலரில் அச்சிட வேண்டுமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

வாப்பாவுக்கு அப்போதும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும்போதே சொல்லாத நாம், போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் அங்கே தனியாகக் கிடந்து உருகுவார் என்றார் மாமா. ஊர்ப் பெரியவர்கள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். வளைகுடாவில் இருந்த நம்மூர்க்காரர்களுக்கும் வீட்டுக்கு வீடு வாய்க்கட்டு போயிற்று. ஆனால் அடுத்த கேசட்டில் மகள் குரல் இல்லாவிட்டால் அவர் கேட்பாரே? அதற்கும் மாமா ஒரு வழி கண்டார். ராத்தா பேசி, சரியில்லை என்று ஒதுக்கிவைத்த பழைய நாடா ஒன்று இருந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை இன்னொரு டேப் ரிக்கார்டரோடு வரவழைத்தார். இரண்டு பெட்டிகளையும் எதிரெதிரே வைத்து, நல்ல துண்டுகளை மட்டும் புதிய கேசட்டில் ஏற்றத் தொடங்கினார்கள். நான் வாயிற்படியில் இருந்தேன்.

'வாப்பா, நான் நல்லா இருக்கேன்' என்றது பெட்டி.

அடுக்களையில் ஏதோ கீழே விழுந்தது. உம்மா ஓடிவந்தார். அயல் ஆண் இருக்கும் முன்னறைக்கு நம் வீட்டுப் பெண்கள் வருவதில்லை. உம்மா தலைத்துணி இல்லாமல், மாவு ஒட்டிய கையோடு, அறையின் நடுவில் வந்து நின்றார். கண்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. அறையின் மூலைகளைத் தேடின. பிறகு இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். பக்கத்துத் தெருக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாமாவின் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தத் தெரியாததுபோல இருந்தது.

"காக்கா," என்றார் உம்மா தம் அண்ணனிடம். "அவ பேச வந்தப்ப நிப்பாட்டுனீங்க. இப்ப எதுக்குப் பேச வைக்கீங்க?"

அந்தக் கேசட் போகவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே போகவில்லை. வாப்பாவிடமிருந்து இரண்டு கேசட்டுகள் வந்தன. உம்மா கேட்க மறுத்தார். மாமா கேட்டுவிட்டு எழுந்து போனார். ஏன் ஒன்றும் அனுப்பவில்லை என்று முதலாவதில் கேட்டிருந்தாராம். இரண்டாவதில், வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். செய்திகளெல்லாம் சேர்ந்து கொண்டுவர முடியாத மனிதரை, செய்தி இல்லாமை கொண்டுவந்தது.

திருநெல்வேலிச் சந்திப்பில் மாமாதான் போய் எதிர்கொண்டார். ரயிலில் வரும்போது சொல்லிவிடுவது என்று புறப்பட்டவர், கடைசிவரை சொல்லவில்லை. வாப்பா வழியெல்லாம் மகளுக்கு வாங்கிவந்த பொருள்களைப் பற்றியே பேசினாராம். தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது, இனி சொல்லிவிடலாம் என்று தாம் வாயைத் திறந்ததாகவும், வாப்பா அப்போது ஒரு துணியைப் பிரித்துக் காட்டி நிறம் அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டதாகவும், பிடிக்கும் என்று சொல்லிவிட்டதாகவும் மாமா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

வாசலில் வந்து நின்றவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. முன்கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகள். வெங்காயச் சாக்கின் வாடை இல்லை. ஏதோ ஒரு சோப்பின் மணம். உம்மா நடு அறையின் கதவருகே நின்றிருந்தார். குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"மக இல்ல. மழைக்காலத்துல மௌத்தாயிட்டா. நெஞ்சுல நோவு. ஒங்களுக்குச் சொல்லல."

வாப்பா பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். எப்போது என்று கேட்டார். உம்மா மாதத்தைச் சொன்னார். எவ்வளவு காலமாக நோய் என்று கேட்டார். அதையும் சொன்னார். சென்னை, அறுவை, மழை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார். வாப்பா எதையோ மனத்துக்குள் ஒத்துப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்தார்.

"அப்ப நான் சும்மாத்தான் கெடந்தேன்" என்றார்.

எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை. மாமா என்ன மச்சான் என்று கேட்டார். வாப்பா பாயில் அமர்ந்து சொன்னார். கடை ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. சாலை வேலை முடிந்ததும் முகாமைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். எதிரே வெறும் மணல். அடுப்பை அணைத்துப் பூட்டினார். அதன் பிறகு நண்பர் ஒருவரின் அறையில் ஒரு மூலையில் படுத்து, வேறு இடம் தேடி அலைந்தார். பெரும்பாலான நாள்களில் அலைவதற்குக்கூட இடம் இருக்கவில்லை. கேசட் பேச வேண்டிய நாளில் மட்டும் டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு, கூட்டம் நிறைந்த வேறொருவர் கடைக்குப் போவார். புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்து, ஒரு சாயா வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு எங்களிடம் பேசுவார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாரமே கிளம்பி வந்திருப்பேன் என்றார்.

மாமா சுவரோடு சாய்ந்துவிட்டார். "நீங்களும் எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே, மச்சான்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது, கெஞ்சும் குரல்.

"இங்கன இருக்கவுக கவலப்படுவீகன்னுதான்" என்றார் வாப்பா.

உம்மா அதைக் கேட்டார். உள்ளே போய்ச் சோறு எடுத்துவைத்தார். மூன்று பேருக்கும் பரிமாறினார். அன்று யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது எனக்கு நினைவில்லை; கறிவேப்பிலையை வாப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வாப்பா எங்களோடு சில வாரங்கள்தாம் இருந்தார். மையவாடிக்கு நாள்தோறும் போனார். மாமாவோடு ஒருமுறையும் சண்டையிடவில்லை. சண்டையிட்டிருக்கலாம். பிறகு வளைகுடாவின் வேறோர் ஊரில், நிலையான தொழிற்பேட்டை ஒன்றின் அருகே இடம் அமைந்திருப்பதாக நண்பர் தகவல் அனுப்பினார். வாப்பா உம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை; உம்மா தடுக்கவுமில்லை. புறப்படும் நாளில் பெட்டி வாசலுக்குப் போன பிறகு, உம்மா அவரை நடு அறைக்கு அழைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இனிமே நல்ல சேதி எதையும் எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க. கெட்டது இருந்தா மட்டும் சொல்லுங்க. அத நான் நம்புவேன்."

வாப்பா சரி என்றார். அவர் வாக்குத் தவறாதவர் என்று மலரில் எழுதுவீர்கள், அது உண்மை. அந்த வாக்கையும் காப்பாற்றினார். இரண்டாவது கடை நிலைத்தது. அதிலிருந்து மூன்றாவதும் நான்காவதும் கிளைத்தன. அவை எங்களுக்கு எப்படித் தெரிந்தன தெரியுமா? அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. மாதந்தோறும் பணம் வந்தது, சொல் வரவில்லை. எவ்வளவு நீளமாக அவர் மௌனமாக இருந்தாரோ அவ்வளவு செழிப்பாக இருக்கிறார் என்று புரிந்துகொண்டோம். நான் பட்டங்கள் பெற்றது அந்த மௌனத்தில். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார்; விருந்தினர்போல முன்னறையில் அமர்ந்திருப்பார்; போய்விடுவார். அடுத்த மனையில் நின்றிருந்த வீட்டையும் கட்டி முடித்தார். வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நம் ஊரில் மகள் இல்லாத வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. நீங்கள் மாலைகளில் பந்தடித்து விளையாடிய, எப்போதும் பூட்டிக் கிடந்த வீடு அதுதான்.

உம்மா கடைசிவரை ஊரின் வழக்கத்துக்கு எதிராகவே நின்றார். வாப்பா தொலைபேசியில் கூப்பிடத் தொடங்கிய காலத்தில், கூரை ஒழுகுவதையும் ஆடு செத்ததையும் தம் முழங்கால் வலியையும் எதிர்வீட்டு மௌத்தையும் அன்றன்றே அவரிடம் சொல்லிவிடுவார். சபுராளியின் தலையில் இப்படிக் கொட்டுகிறாளே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். உம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. வாப்பா கேட்டுக்கொண்டிருப்பார். தம் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை என்பார். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, நான் கல்லூரியில் ஆசிரியனாக இருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பகலில் வாப்பா கூப்பிட்டார். உம்மாதான் எடுத்தார். வழக்கமாகச் சுவரில் சாய்ந்தபடி பேசுபவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். காலில் வந்த புண் ஆறவில்லை, சர்க்கரை, இரண்டு விரல்களை எடுக்க வேண்டுமென்கிறார்கள், கடைகளைப் பார்க்க முடியவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று வாப்பா சொல்லியிருக்கிறார். எந்தக் கால், எந்த விரல், வலி எப்படி என்று உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, அதன் மேலிருந்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் அவுக பேசுன மாதிரி இருக்கு" என்றார். "நீ போயிக் கூட்டிட்டு வா."